கனடியர் ‘சாரி’ சொல்வது ஏன்? ஒரு பக்கத்து வீட்டுக் கிண்டலின் பின்னணி

2025 பிப்ரவரி 15. மாண்ட்ரியல் நகரில் கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் ஐஸ் ஹாக்கி ஆட்டம். தொடக்கத்தில் அமெரிக்க தேசிய கீதம் பாடப்பட்டபோது அரங்கில் பெரும் கூச்சல் எழுந்தது. ஆட்டம் தொடங்கி 9 விநாடிகளுக்குள் மூன்று முறை வீரர்கள் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டுக் கைகலந்தார்கள். காலை மிதித்தவரிடம் மிதிபட்டவரே ‘சாரி’ கேட்பார் என்று ஊரெல்லாம் கிண்டல் செய்யும் நாட்டில் இப்படி.

செய்தியைப் படித்தவர்களுக்குக் குழப்பம் வந்தது இயல்பு. உடனடிக் காரணம் தெரிந்ததுதான்: அமெரிக்க அதிபர் டொனால்டு ட்ரம்ப் அறிவித்த இறக்குமதி வரியும், கனடாவை 51ஆவது மாநிலம் என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னதும். ஆனால் அதே வரி அறிவிப்பு மெக்சிகோவுக்கும் வந்தது. கனடாவில் வெடித்த கோபத்தில் கூடுதலாக ஒன்று இருந்தது. நெருங்கிய சொந்தம் சபையில் அவமானப்படுத்திவிட்டால் வருமே, அந்தச் சூடு.

இரு நாட்டு மக்களும் ஒருவரையொருவர் சீண்டுவது மிகப் பழைய வழக்கம். அந்தச் சீண்டல் எதைப் பற்றியது, அதில் எவ்வளவு உண்மை, அது யாருக்குத் தேவைப்பட்டது என்று பார்த்தால் 2025இல் என்ன உடைந்தது என்பது விளங்கும்.

## யானைக்குப் பக்கத்தில் படுக்கை

எல்லாவற்றுக்கும் அடிப்படை அளவு. அமெரிக்காவில் சுமார் 34 கோடிப் பேர். கனடாவில் சுமார் 4.1 கோடி, பரப்பில் உலகின் இரண்டாவது பெரிய நாடு, மக்கள் தொகையிலோ தமிழ்நாட்டைவிடச் சிறியது. இரண்டுக்கும் நடுவே 8,891 கிலோமீட்டர் எல்லை. உலகில் இரு நாடுகளுக்கு இடையே இதைவிட நீளமான எல்லை கிடையாது.

அந்தப் பரந்த நிலத்தில் கனடியர்கள் எங்கே வாழ்கிறார்கள்? மூன்றில் இரண்டு பங்கினர் தெற்கு எல்லையிலிருந்து 100 கிலோமீட்டருக்குள். அதாவது ஒரு நாடே வேலியோரமாக ஒட்டிக்கொண்டு வாழ்கிறது. அமெரிக்கத் தொலைக்காட்சி தெரியும் தூரம், அமெரிக்கக் கடைக்குக் காரில் போய் வரும் தூரம். 2024இல் கனடாவின் சரக்கு ஏற்றுமதியில் ஏறத்தாழ முக்கால் பங்கு அமெரிக்காவுக்குத்தான் போனது.

1969இல் வாஷிங்டனில் பத்திரிகையாளர்கள் முன் பேசிய கனடாப் பிரதமர் பியர் ட்ரூடோ இந்த நிலையை ஒரே உவமையில் சொன்னார்: உங்கள் பக்கத்தில் வாழ்வது யானையோடு படுத்துத் தூங்குவது போல, அது எவ்வளவு சாதுவானதாக இருந்தாலும், ஒவ்வொரு அசைவும் முனகலும் நம்மைப் பாதிக்கும். கனடியர்கள் இன்றுவரை மேற்கோள் காட்டும் வரி அது. யானையின் பக்கமிருந்து பார்த்தால் கதை வேறு. பக்கத்தில் யாரோ படுத்திருக்கிறார்கள் என்பதே பாதி நேரம் அதற்கு நினைவிருக்காது. இந்த ஏற்றத்தாழ்வை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் எல்லாக் கிண்டலும் இதிலிருந்துதான் கிளம்புகிறது.

## பிரிந்த கதை, சுருக்கமாக

1776இல் பதின்மூன்று குடியேற்றங்கள் பிரிட்டனிடமிருந்து பிரிந்தன. பிரிய விரும்பாத, அரசருக்கு விசுவாசமாக இருந்தவர்களில் பல பத்தாயிரம் பேர் வடக்கே போய்க் குடியேறினார்கள். ஆங்கிலம் பேசும் கனடாவின் தொடக்கத்திலேயே ‘நாங்கள் அவர்களோடு சேராதவர்கள்’ என்ற நினைப்பு இருந்தது.

1812இல் அமெரிக்கா படையெடுத்தது. 1813இல் அமெரிக்கப் படையினர் யார்க் நகரில், அதாவது இன்றைய டொரன்டோவில், அரசுக் கட்டடங்களுக்குத் தீ வைத்தார்கள். மறு ஆண்டு வாஷிங்டனில் வெள்ளை மாளிகை எரிந்தது. ‘உங்கள் வெள்ளை மாளிகையை எரித்தவர்கள் நாங்கள்’ என்று கனடியர்கள் இன்றும் மார்தட்டுவதுண்டு. எரித்தது பிரிட்டிஷ் படை. கனடா என்ற நாடு அப்போது பிறக்கவே இல்லை. சண்டையில் சொல்லிக்கொள்ள வேறு பெரிய வெற்றி இல்லாதபோது இதையாவது சொல்லிவிட்டுப் போகட்டும்.

1867இல் கனடா ஒன்றிணைந்தது. போர் இல்லை, புரட்சி இல்லை. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய ஒரு சட்டம் போதுமானதாக இருந்தது. அமெரிக்க விடுதலைப் பிரகடனம் ‘உயிர், சுதந்திரம், மகிழ்ச்சியைத் தேடும் உரிமை’ என்று முழங்க, கனடாவின் சட்டம் ‘அமைதி, ஒழுங்கு, நல்லாட்சி’ என்று பேசியது. இரு நாட்டுக் குணமும் இந்த இரண்டு வரிகளில் அடங்கிவிட்டது என்று பள்ளிப் பாடம் முதல் மேடைப் பேச்சு வரை சொல்வார்கள்.

கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘அமைதி, ஒழுங்கு, நல்லாட்சி’ என்பது லண்டன் அதிகாரிகள் குடியேற்ற நாடுகளின் சட்டங்களில் வழக்கமாகப் போட்ட வாசகம். ஆஸ்திரேலிய அரசியலமைப்பில் இருக்கிறது. இலங்கையின் சோல்பரி அரசியலமைப்பிலும் 29ஆம் பிரிவில் இதே சொற்கள் இருந்தன. அங்கே அப்புறம் எவ்வளவு அமைதி நிலவியது என்பது நமக்குத் தெரியும். சட்ட வாசகம் மக்களுக்குக் குணம் ஊட்டுவதில்லை. பிறகு மக்கள் அந்த வாசகத்தை எடுத்துத் தங்கள் குணத்துக்குச் சான்றாக்கிக்கொள்கிறார்கள்.

## வார்ப்புகள், ஒவ்வொன்றாக

‘ஸ்டீரியோடைப்’ என்று சொல்லப்படுவதை இங்கே வார்ப்பு என்று அழைப்போம்: ஒரு கூட்டம் முழுவதையும் ஒரே அச்சில் ஊற்றி எடுத்த படிமம். பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆளுக்கு ஆள் மாறுவதை அது கணக்கில் எடுக்காது, அவ்வளவுதான். கனடியரைப் பற்றிய முக்கிய வார்ப்புகள் இவை.

1. எதற்கெடுத்தாலும் ‘சாரி’

இதற்குச் சட்டமே இருக்கிறது. ஒன்டாரியோ மாகாணம் 2009இல் மன்னிப்புச் சட்டம் என்ற ஒன்றை இயற்றியது. ஒருவர் ‘சாரி’ சொன்னார் என்பதை வைத்தே அவர் தவறை ஒப்புக்கொண்டதாக உரிமையியல் வழக்கில் வாதிட முடியாது. பிரிட்டிஷ் கொலம்பியா 2006இலேயே இதைச் செய்துவிட்டது. ‘பாருங்கள், சாரி சொல்லிச் சொல்லிச் சட்டமே போடும்படி ஆகிவிட்டது’ என்று இணையத்தில் சிரிக்கிறார்கள்.

இதன் மறுபக்கத்தை யாரும் சொல்வதில்லை. இந்த வகைச் சட்டத்துக்கு வழிகாட்டியது அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம், 1986இல். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றிலும் இத்தகைய சட்டம் உண்டு; பெரும்பாலும் மருத்துவர்கள் நோயாளிகளிடம் வருத்தம் தெரிவிப்பதைப் பாதுகாக்க. ஒரே வகைச் சட்டம் கனடாவில் இருந்தால் தேசிய குணம், அமெரிக்காவில் இருந்தால் வெறும் சட்டம். வார்ப்பு வேலை செய்வது இப்படித்தான்: தனக்குப் பொருந்துவதை மட்டும் பொறுக்கிக்கொள்ளும்.

2011 ஜூன் 15 அன்று ஹாக்கி இறுதிப் போட்டியில் பாஸ்டனிடம் தோற்றதும் வான்கூவர் நகரில் கார்களை எரித்துக் கடைகளைச் சூறையாடியவர்களும் கனடியர்கள்தான்.

2. ‘ஏ’ போடுவதும் ‘அபூட்’ என்பதும்

வாக்கியத்தின் இறுதியில் ‘ஏ’ சேர்ப்பது கனடிய ஆங்கிலத்தின் அடையாளம். ‘நல்ல குளிர், இல்ல?’ என்று நாம் கேட்கும் ‘இல்ல?’ செய்யும் வேலையை அது செய்கிறது. ‘அபவுட்’ என்பதை அவர்கள் ‘அபூட்’ என்று சொல்வதாக அமெரிக்கர்கள் நடித்துக் காட்டுவார்கள். எந்தக் கனடியரும் அப்படிச் சொல்வதில்லை. ‘அவுட்’, ‘ஹவுஸ்’ போன்ற சொற்களில், பின்னால் வரும் மெய் குரல் நாண் அதிராமல் ஒலிப்பதாக இருந்தால், அவர்கள் உயிரொலியை நாக்கைச் சற்று உயர்த்தித் தொடங்குகிறார்கள். மொழியியலில் இதற்குக் ‘கனடிய உயர்வு’ என்றே பெயர். அந்த நுட்பமான ஒலி அமெரிக்கக் காதுக்குப் பிடிபடாமல் ‘ஊ’வாகிவிடுகிறது.

இந்தப் பேச்சும், கம்பளிக் குல்லாயும், கையில் பீரும் சேர்ந்த ‘கனடாக்காரன்’ உருவம் எப்படிப் புகழ்பெற்றது என்பது சுவையான கதை. எஸ்சிடிவி என்ற கனடிய நகைச்சுவை நிகழ்ச்சி 1980இல் அரசு ஒளிபரப்பு நிறுவனமான சிபிசிக்கு வந்தது. ஒவ்வொரு பகுதியிலும் இரண்டு நிமிடமாவது ‘கனடியத்தனம்’ வெளிப்படையாகத் தெரிய வேண்டும் என்றது நிறுவனம். நிகழ்ச்சியே கனடாவில், கனடியர்கள் எழுதி நடிப்பது. இதற்கு மேல் என்ன கனடியத்தனம் வேண்டும்? எரிச்சலடைந்த ரிக் மொரானிஸ், டேவ் தாமஸ் என்ற இரு நடிகர்களும் குல்லாய் மாட்டி, கனடா வரைபடத்தின் முன் உட்கார்ந்து, பீர் குடித்துக்கொண்டே இரண்டு நிமிடம் வெட்டிப் பேச்சு பேசினார்கள். வார்த்தைக்கு ஒரு ‘ஏ’. அதிகாரிகளைக் கேலி செய்யப் போட்ட வேடம் இரு நாடுகளிலும் பெரும் வெற்றி பெற்றது. அமெரிக்கர்கள் மனத்தில் பதிந்த கனடியரை வார்த்துக் கொடுத்தவர்கள் கனடியர்களே, தங்கள் சொந்த அரசு அமைப்பைச் சீண்டும் சாக்கில்.

3. பனிவீடு, துருவக் கரடி

டொரன்டோ அமெரிக்காவின் மினியாபொலிஸ், சியாட்டில் நகரங்களைவிடத் தெற்கே இருக்கிறது. டெட்ராய்ட்டிலிருந்து கனடாவின் விண்ட்சர் நகருக்குப் போக வேண்டுமானால் தெற்கு நோக்கி ஆற்றைக் கடக்க வேண்டும். ஆனாலும் ‘மேலே பனி தேசம்’ என்ற படம் அழிவதில்லை.

இந்த அறியாமையை ரிக் மெர்சர் என்ற கனடிய நகைச்சுவையாளர் கலையாகவே வளர்த்தார். அமெரிக்கத் தெருக்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் போய், நம்ப முடியாத செய்திகளைச் சொல்லிக் கருத்துக் கேட்பார். ஆர்கன்சா ஆளுநராக இருந்த மைக் ஹக்கபி, கனடா தன் ‘தேசியப் பனிவீட்டை’ப் பாதுகாத்ததற்கு வாழ்த்துச் சொன்னார். 2000இல் அதிபர் வேட்பாளராக இருந்த ஜார்ஜ் புஷ்ஷிடம் ‘கனடாப் பிரதமர் ழான் பூட்டின் உங்களை ஆதரிக்கிறார்’ என்றார் மெர்சர். புஷ் மகிழ்ந்து நன்றி சொன்னார். அப்போதைய பிரதமர் பெயர் ழான் கிரெட்சியன். பூட்டின் என்பது உருளைக்கிழங்கு வறுவல்மேல் பாலாடைக் கட்டித் துண்டுகளைத் தூவிச் சூடான குழம்பை ஊற்றித் தரும் கியூபெக் மாகாணப் பலகாரம்.

இதற்கு ஒரு பின்கதை உண்டு, அது முக்கியம். 2004 டிசம்பரில் அதிபராக ஹாலிஃபாக்ஸ் நகருக்கு வந்த புஷ், மேடையில் தானாகவே அதைக் கிளறினார்: 2000 தேர்தலில் தன்னை ஆதரித்த ழான் பூட்டினைச் சந்தித்து நன்றி சொல்லலாம் என்று நம்பி வந்தேன் என்றார். அரங்கம் சிரித்தது. ஈராக் போரால் புஷ்ஷைக் கனடியர்கள் பலருக்குப் பிடிக்காமலிருந்த நேரம் அது.

4. டிம் ஹார்ட்டன்ஸ், பைப் பால், ஹாக்கி

டிம் ஹார்ட்டன் என்ற ஹாக்கி வீரர் 1964இல் ஹாமில்டன் நகரில் தொடங்கிய காபிக் கடை இன்று கனடியத்தனத்தின் கோயில். இரண்டு கிரீம், இரண்டு சர்க்கரை போட்ட காபிக்கு ‘டபுள் டபுள்’ என்று பெயர். அந்தக் கடை 1995 முதல் சில ஆண்டுகள் வெண்டிஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் கையில் இருந்தது. 2014இல் பர்கர் கிங்கோடு ஒரே குடைக்குள் போனது. அந்தக் குடையின் பெரிய பங்குதாரர் பிரேசில் முதலீட்டாளர்கள் தொடங்கிய நிறுவனம்.

ஒன்டாரியோவிலும் கிழக்கு மாகாணங்களிலும் பாலைப் பிளாஸ்டிக் பையில் விற்பதைப் பார்த்து அமெரிக்கர்கள் வாய் பிளப்பார்கள். ஆவின் பாக்கெட்டின் மூலையைக் கத்தரித்தே வளர்ந்த நமக்கு இதில் எங்கே சிரிக்க வேண்டும் என்று தெரியவில்லை.

ஹாக்கி கனடாவின் உயிர். என்எச்எல் தொழில்முறைச் சங்கம் 1917இல் மாண்ட்ரியலில் பிறந்தது. இன்று அதன் 32 அணிகளில் 7 மட்டுமே கனடாவில். கனடிய அணி ஒன்று அதன் ஸ்டான்லி கோப்பையைக் கடைசியாக வென்றது 1993இல். அமெரிக்க விளையாட்டு என்று உலகம் நினைக்கும் கூடைப்பந்தை 1891இல் மாசசூசெட்ஸில் உருவாக்கிய ஜேம்ஸ் நைஸ்மித்தோ ஒன்டாரியோக்காரர். தேசியச் சின்னங்கள் பலவும் இப்படி எல்லை தாண்டித்தான் கிடக்கின்றன.

5. அளவுக் குழப்பம்

அமெரிக்கா இன்னும் மைல், பவுண்டு, ஃபாரன்ஹீட்டில் நிற்கிறது. கனடா 1970களில் மெட்ரிக் முறைக்கு மாறியது, பாதிதான் மாறியது. வானிலை செல்சியஸில், சமையல் அடுப்பு ஃபாரன்ஹீட்டில். சாலை கிலோமீட்டரில், ஆளின் உயரம் அடியில். (உயரத்தை அடியிலும் நிலத்தை சென்ட்டிலும் சொல்லும் நாம் இதைப் பற்றி அதிகம் பேசாமலிருப்பது நல்லது.) 1983 ஜூலையில் ஏர் கனடா விமானம் ஒன்றில் 22,300 கிலோ எரிபொருள் இருக்க வேண்டிய இடத்தில் 22,300 பவுண்டுதான் இருந்தது. நடுவானில் இரண்டு என்ஜினும் நின்றன. விமானி அதைக் கிளைடர் போல மிதக்கவிட்டு, மானிடோபாவின் கிம்லி ஊரில் ஒரு பழைய விமானப்படைத் தளத்தில் இறக்கினார். யாரும் சாகவில்லை.

எதிர்ப்பக்க வார்ப்புக்கு வருவோம். கனடியர் கண்ணில் அமெரிக்கர் உரக்கப் பேசுபவர், உலக வரைபடம் தெரியாதவர், துப்பாக்கி வைத்திருப்பவர், மருத்துவமனைக் கட்டணத்தில் வீட்டை இழப்பவர். கடைசி விஷயத்தில் உண்மையான கொள்கை வேறுபாடு இருக்கிறது. அரசியல்வாதி டாமி டக்ளஸ் முன்னெடுத்த அரசு மருத்துவக் காப்பீடு 1962இல் சஸ்காச்செவன் மாகாணத்தில் நடைமுறைக்கு வந்தது. 1966இல் நாடு முழுதுக்கும் சட்டமானது. 2004இல் சிபிசி நடத்திய வாக்கெடுப்பில் ‘மிகச் சிறந்த கனடியர்’ என்று மக்கள் தேர்ந்தெடுத்தது அவரைத்தான். சிகிச்சைக்கு மாதக்கணக்கில் காத்திருக்கிறீர்களே என்று அமெரிக்கர்கள் திருப்பிக் கேட்பார்கள். அதுவும் நியாயமான கேள்விதான்.

## அளந்து பார்த்தால்

சரி, குணத்தில் உண்மையிலேயே வேறுபாடு உண்டா? இரண்டு ஆய்வுகள் உதவும்.

முதலாவது, 2005இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்தது. 49 பண்பாடுகளில் ‘உங்கள் நாட்டு ஆள் எப்படிப்பட்டவர்’ என்று மக்களிடம் கேட்டார்கள். ஆட்களின் குணத்தைத் தனியே அளந்தும் பார்த்தார்கள். அமெரிக்கர்கள் தங்களை முனைப்பாகத் தம் கருத்தை நிலைநாட்டுபவர்களாகவும், கனடியர்கள் தங்களைப் பணிந்துபோகிறவர்களாகவும் எண்ணினார்கள். அளவீட்டிலோ இரு தரப்பும் கிட்டத்தட்ட ஒன்று.

இரண்டாவது, ஒன்டாரியோவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் செய்யப்பட்டு 2018இல் வெளியானது. சுமார் 4 கோடி ட்வீட்டுகளை ஆராய்ந்ததில், கனடியர்களிடம் ‘நன்றி’, ‘அருமை’ வகைச் சொற்களும் அமெரிக்கர்களிடம் வெறுப்பு, வசைச் சொற்களும் தூக்கலாகத் தெரிந்தன. எந்த நாட்டுடையது என்று சொல்லாமல் அந்தச் சொற்களை மட்டும் காட்டி, இப்படிப் பேசுபவர் எப்படிப்பட்டவர் என்று கேட்டபோது, பதில்கள் அந்தந்த நாட்டு வார்ப்போடு ஒத்துப்போயின.

முரண்பாடு போலத் தெரிகிறது. இப்படிப் படித்தால் பொருந்தும்: சுபாவம் ஒன்றுதான், பேசும் பாணி வேறு. ‘நாம் மரியாதைக்காரர்கள்’ என்று சிறு வயதிலிருந்து கேட்டு வளர்பவர் மரியாதையாகப் பேசக் கற்கிறார். வார்ப்பு முதலில், நடத்தை அப்புறம். ஆய்வாளர்கள் இதைத் தீர்ப்பாகச் சொல்லவில்லை. ஆனால் வேறெந்த விளக்கத்தைவிடவும் இது எனக்கு ஏற்புடையதாகப் படுகிறது.

## வேலி யாருக்குத் தேவை?

வேறுபாடு சிறியது என்பதால்தான் அதைக் காவல் காக்க வேண்டியிருக்கிறது. காவல் காப்பது எப்போதும் சிறியவர் பொறுப்பு.

கனடாவின் ஒளிபரப்பு ஆணையம் 1971 முதல் வானொலிகளுக்கு ஒரு விதி வைத்திருக்கிறது: ஒலிபரப்பும் பாடல்களில் குறிப்பிட்ட பங்கு கனடியப் படைப்பாக இருக்க வேண்டும். முதலில் 30 சதவீதம், பின்னர் 35. எது கனடியப் பாடல் என்று தீர்மானிக்க இசை, பாடகர், பதிவான இடம், பாடல் வரிகள் என நான்கு அளவுகோல்கள். 1991இல் பாடகர் பிரையன் ஆடம்ஸ் உலகப் புகழின் உச்சியில் இருந்தார். ஆனால் பிரிட்டனில் வாழ்ந்த ஒருவரோடு சேர்ந்து எழுதியதால் அவருடைய புதுப் பாடல்கள் கனடியப் படைப்பு அல்ல என்று ஆகிவிட்டது. பாடியவர் அசல் கனடியர். பெரும் சர்ச்சைக்குப் பின் விதி திருத்தப்பட்டது.

இதைவிடத் தெளிவான சான்று 2000இல் வந்த ஒரு மோல்சன் பீர் விளம்பரம். கட்டம்போட்ட சட்டையில் ஓர் இளைஞர் மேடையேறிப் பேசுகிறார்: நான் மரம் வெட்டுபவன் அல்ல, பனிவீட்டில் வாழவில்லை, நாய் வண்டி என்னிடம் இல்லை, எங்களுக்கு இருப்பது பிரதமர், அதிபர் அல்ல. கடைசியில் ‘நான் கனடியன்’ என்று முழங்குகிறார். நாடே எழுந்து கைதட்டியது. அந்தப் பேச்சை எழுதிப் பார்த்தால் வரிக்கு வரி ஓர் ‘அல்ல’ வரும். தன்னைப் பற்றிய தேசப் பெருமிதப் பேச்சில் பாதிக்கு மேல் பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்லும் பதில். அமெரிக்கர் யாரும் ‘நான் கனடியன் அல்ல’ என்று தொடங்கி தேசபக்தி பேசியதாகக் கேள்விப்பட்டதுண்டா? அந்த பீர் நிறுவனம் 2005இல் அமெரிக்காவின் கூர்ஸ் நிறுவனத்தோடு இணைந்தது என்பது தனிச் சிரிப்பு.

இந்த ‘நல்லவர்’ படிமத்துக்கு ஒரு விலையும் உண்டு. அதை அண்டை நாட்டோடு ஒப்பிட்டுக்கொண்டே இருந்தால் சொந்தக் கணக்கைப் பார்க்க வேண்டியதில்லை. பூர்வகுடிக் குழந்தைகள் 1,50,000க்கும் மேற்பட்டவர்களைக் குடும்பத்திலிருந்து பிரித்து, அவர்கள் மொழியைப் பேசத் தடை விதித்த உறைவிடப் பள்ளிகள் 1990கள் வரை கனடாவில் இருந்தன. நாள்தோறும் ஆயிரம் ‘சாரி’ சொல்லும் நாடு இதற்கு நாடாளுமன்றத்தில் முழுமையாக மன்னிப்புக் கேட்டது 2008 ஜூன் 11 அன்று.

தமிழர்களுக்கு இந்தப் படிமத்தின் இரு முகமும் தெரியும். 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்து கடலில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 ஈழத் தமிழர்களை மீனவர்கள் மீட்டுக் கரைசேர்த்தார்கள். அரசு அவர்களைத் தங்க அனுமதித்தது. 2010 ஆகஸ்டில் சன் சீ கப்பலில் 492 தமிழர்கள் பிரிட்டிஷ் கொலம்பியா வந்தபோது அத்தனை பேரும் காவலில் வைக்கப்பட்டார்கள். பின்னர் 2012இல் இத்தகைய கூட்ட வருகைக்கு எதிராகக் கடும் சட்டமும் வந்தது. அதே நாடு, அதே கடல்வழி வருகை. நடுவில் 24 ஆண்டுகள்.

## கிண்டலின் எழுதாத விதிகள்

இத்தனை சீண்டலுக்கும் அடியில் கனமான நட்பு ஓடியது. 1917இல் ஹாலிஃபாக்ஸ் துறைமுக வெடிவிபத்தின்போது பாஸ்டன் அன்றிரவே உதவி ரயில் அனுப்பியது. அந்த நன்றிக்காக, ஹாலிஃபாக்ஸ் இருக்கும் நோவா ஸ்கோஷா மாகாணம் இன்றும் ஆண்டுதோறும் பாஸ்டனுக்கு ஒரு கிறிஸ்துமஸ் மரம் அனுப்புகிறது. 1979இல் தெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகம் கைப்பற்றப்பட்டபோது தப்பிய ஆறு அமெரிக்கர்களைக் கனடியத் தூதரக அதிகாரிகள் தங்கள் வீடுகளில் ஒளித்துவைத்து, 1980 ஜனவரியில் கனடிய பாஸ்போர்ட்டில் வெளியேற்றினார்கள். 2001 செப்டம்பர் 11 அன்று அமெரிக்க வான்வெளி மூடப்பட்டபோது கனடாவின் கேண்டர் என்ற சிற்றூரில் 38 விமானங்கள் இறங்கின. அவற்றில் வந்த ஏறத்தாழ 6,700 பேரை ஊரார் வீடுகளிலும் பள்ளிகளிலும் தங்கவைத்துச் சோறு போட்டார்கள்.

இப்படிப்பட்ட உறவில் கிண்டலுக்கு மூன்று விதிகள் தாமாகவே அமைந்தன.

1. சிறியவர் பெரியவரின் அறியாமையைக் கேலி செய்யலாம். பெரியவர் சிறியவரின் சாதுத்தனத்தைக் கேலி செய்யலாம்.
2. பெரியவர் தன்மேல் விழும் கேலிக்குத் தானும் சிரிக்க வேண்டும். புஷ்ஷும் பூட்டினும் இதற்கு உதாரணம்.
3. வேலி இருக்கிறதா என்ற கேள்வியை மட்டும் யாரும் எழுப்பக் கூடாது.

## மூன்றாம் விதி உடைந்தபோது

2024 நவம்பர் இறுதியில் ஃபுளோரிடாவில் ட்ரம்ப்பும் அப்போதைய பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோவும் விருந்துண்டபோது 51ஆவது மாநிலம் என்ற பேச்சு வந்தது. நகைச்சுவைதான் என்று கனடிய அமைச்சர் ஒருவரே விளக்கம் தந்தார். டிசம்பரில் ட்ரம்ப் சமூக ஊடகத்தில் பிரதமரை ‘ஆளுநர் ட்ரூடோ’ என்று எழுதினார். 2025 ஜனவரி 7 அன்று, கனடாவை இணைக்கப் பொருளாதார பலத்தைப் பயன்படுத்தலாம் என்ற பொருளில் செய்தியாளர்களிடம் பேசினார். பிப்ரவரி 1 அன்று வரி ஆணை. மார்ச் 4 முதல் அமல்.

மரியாதையைச் சீண்டினால் கனடியர் சிரிப்பார், குளிரைச் சீண்டினால் சேர்ந்து சிரிப்பார். ‘நீ தனி வீடே இல்லை, என் வீட்டின் ஓர் அறை’ என்பது வேறு வகைப் பேச்சு. இரண்டு நூற்றாண்டாகத் தங்களை ‘அமெரிக்கர் அல்லாதவர்’ என்று வரையறுத்துக்கொண்டவர்களிடம் அந்த ஒரே ஒரு சொல்லைப் பிடுங்குவது அது. ஏற்றுமதியில் முக்கால் பங்கை வாங்குபவர் சொல்வதால், சிரித்துத் தள்ளவும் முடியாது.

அதன் பிறகு நடந்தவை அடுத்தடுத்து வந்தன. ஒன்டாரியோவில் மது விற்பனை, நம் டாஸ்மாக் போல, பெரும்பாலும் எல்சிபிஓ என்ற அரசு நிறுவனத்தின் கையில். மார்ச் 4 அன்று அது அமெரிக்க மதுவகைகளை அலமாரிகளிலிருந்து இறக்கியது. சில கடைகளில் அமெரிக்கானோ காபி ‘கனடியானோ’ ஆனது. காரில் எல்லை தாண்டி அமெரிக்கா போய்த் திரும்பும் கனடியர் எண்ணிக்கை 2025 ஏப்ரலில் முந்தைய ஆண்டைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது. பீர் விளம்பரத்தில் நடித்த அதே ஜெஃப் டக்ளஸ், இம்முறை பீர் நிறுவனம் இல்லாமல், புதிய பேச்சு ஒன்றை வெளியிட்டார்.

முழக்கமாக எழுந்தது ‘எல்போஸ் அப்’, அதாவது ‘முழங்கையை உயர்த்து’. ஹாக்கிக் களத்தில் தன்னை நெருங்குபவரை முழங்கையால் தடுக்கும் பாணி அது. சஸ்காச்செவனில் பிறந்த ஹாக்கி வீரர் கார்டி ஹவ் அதற்குப் பேர்போனவர். அவர் வாழ்நாளில் பெரும்பகுதி ஆடியது அமெரிக்காவின் டெட்ராய்ட் அணிக்கு. டெட்ராய்ட்டையும் விண்ட்சரையும் இணைக்கக் கனடா தன் செலவில் கட்டிய புதுப் பாலத்துக்கும் அவர் பெயர்தான். மார்ச் 1 அன்று அமெரிக்கத் தொலைக்காட்சி நேரலையில் இந்தச் சொற்களை வாயசைத்துக் காட்டிப் பரப்பியவர் மைக் மையர்ஸ். டொரன்டோவில் தமிழர்கள் செறிந்து வாழும் ஸ்கார்பரோ பகுதியில் வளர்ந்த நகைச்சுவை நடிகர். அதே மாதம் பிரதமரான மார்க் கார்னியோடு தேர்தல் விளம்பரத்திலும் தோன்றினார். நீ உண்மையான கனடியன்தானா என்று கார்னி அவரிடம் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டுச் சோதிப்பதுதான் அந்த விளம்பரம். ஏப்ரல் 28 தேர்தலில் கார்னியின் கட்சி வென்றது.

ஆக, மாண்ட்ரியல் அரங்கில் எழுந்த கூச்சலுக்குக் கனடியர் குணம் மாறிவிட்டது என்று பொருள் கொள்ள வேண்டியதில்லை. ஐந்து நாள் கழித்து பாஸ்டனில் நடந்த இறுதியாட்டத்தில் கனடா கூடுதல் நேரத்தில் 3–2 என்று வென்றது. அன்று அங்கே கனடிய கீதத்துக்கும் கூச்சல் கிளம்பியது.

வெர்மான்ட் மாநிலத்துக்கும் கியூபெக்குக்கும் நடுவே, எல்லைக் கோட்டின் மேலேயே ஹாஸ்கல் நூலகம் என்று ஒன்று 1904 முதல் நிற்கிறது. வாசிப்பறைத் தரையில் ஒரு கறுப்புக் கோடு ஓடும். கோட்டுக்கு அந்தப் பக்கம் கனடா, இந்தப் பக்கம் அமெரிக்கா. வாசல் அமெரிக்கப் பக்கம், புத்தகங்கள் பெரும்பாலும் கனடியப் பக்கம். நூறாண்டுக்கு மேலாகக் கனடியர்கள் சோதனைச் சாவடிக்குப் போகாமல் நடைபாதை வழியே சுற்றி வந்து அந்த வாசலில் நுழைந்தார்கள். 2025இல் அமெரிக்க அதிகாரிகள் அந்த வழியைக் கட்டுப்படுத்தினார்கள். கனடியப் பக்கத்தில் இருந்த அவசர வழிக் கதவை வாசலாக மாற்றுவதற்கு நூலகம் நன்கொடை திரட்டத் தொடங்கியது.